பிற்பகலில் வெளுக்கும் படம்: தொழிற்சாலைக் கமராவில் பிரகாசத்தையும் கொன்ட்ராஸ்டையும் எப்போது தொடுவது?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே சிக்கலில் இருக்கும் மற்றவர்களுக்கும் அது பயன்படும். திருகோணமலையில் சீனன்குடாப் பக்கத்தில் ஒரு பொதியிடும் கூடத்தில், கன்வேயர் பட்டியில் வரும் பழுப்பு அட்டைப்பெட்டிகளின் மேல் கறுப்பு மையால் அச்சாகும் திகதியையும் தொகுதி இலக்கத்தையும் படிக்க ஒரு கறுப்பு-வெள்ளைக் கமரா பொருத்தியிருக்கிறீர்கள். காலையில் எல்லாம் சரியாகப் படிக்கிறது. பிற்பகல் 3 மணிக்குப் பிறகு படம் வெளுத்து, நல்ல பெட்டிகளையும் கழித்துவிடுகிறது. மென்பொருளில் பிரகாசத்தைக் குறைத்து, கொன்ட்ராஸ்டைக் கூட்டினீர்கள். திரையில் எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன, ஆனால் கழிக்கப்படும் பெட்டிகள் முன்னதைவிடக் கூடிவிட்டன. மின்வெட்டு வந்து ஜெனரேட்டர் ஓடும்போது படத்தில் குறுக்குப் பட்டைகள் விழுகின்றன. பிரகாசத்துக்கும் கொன்ட்ராஸ்டுக்கும் என்ன எண்களை வைக்க வேண்டும், நிறக் கமரா வாங்கினால் தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எண்களை உடனே சொல்லிவிடுகிறேன். பிரகாசம் 0, கொன்ட்ராஸ்ட் 0, காமா (சாம்பல் படிகளை வளைக்கும் அமைப்பு) 1, கெயின் (சென்சர் தரும் மதிப்பைப் பெருக்கும் அமைப்பு) 0 டெசிபெல். அதாவது எல்லாவற்றையும் எதுவும் செய்யாத நிலைக்குக் கொண்டுபோங்கள். தானியங்கி எக்ஸ்போஷர் (சென்சர் ஒளியைச் சேர்க்கும் நேரத்தைக் கமராவே மாற்றுவது), தானியங்கி கெயின் இரண்டையும் நிறுத்துங்கள். இந்த நிலையில் படம் அழகாக இருக்காது. திரையில் இருட்டாகவும் உயிரற்றதாகவும் தெரியும். ஆனால் சென்சர் உண்மையில் என்ன கண்டது என்பதைக் காட்டும் படம் அது ஒன்றுதான். பிற்பகலில் உங்கள் கூடத்தில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கு அந்தப் படம் வேண்டும்.

இப்போது ஒரு சோதனை. காலை 9 மணிக்கு ஒரு பெட்டியைப் பட்டியில் நிறுத்தி ஒரு படம் எடுங்கள். மாலை 4 மணிக்கு, அதே பெட்டி, அதே இடம், எந்த அமைப்பையும் மாற்றாமல் இன்னொரு படம். இரண்டு படங்களிலும் வெறும் அட்டைப் பகுதியின் சராசரிச் சாம்பல் மதிப்பையும், எழுத்தின் நடுவில் உள்ள மையின் சாம்பல் மதிப்பையும் எழுதிக்கொள்ளுங்கள். கமராவுடன் வரும் மென்பொருளில் சுட்டியைப் பிக்சலின் மேல் வைத்தாலே பெரும்பாலும் எண் தெரியும். 8 பிட் படத்தில் அது 0 முதல் 255 வரை இருக்கும்.

காலையில் அட்டை 150, மை 30 என்று வைத்துக்கொள்வோம். மாலையில் அட்டை 225, மை 45 என்று வந்தால் இரண்டும் ஒன்றரை மடங்காகியிருக்கின்றன. பெட்டியின் மேல் விழும் ஒளி கூடியிருக்கிறது, வேறொன்றும் நடக்கவில்லை. அட்டைக்கும் மைக்கும் உள்ள விகிதம் 5 ஆகவே இருக்கிறது. எக்ஸ்போஷர் நேரத்தை மூன்றில் இரண்டாகக் குறைத்தால் காலைப் படமே திரும்பி வந்துவிடும்.

மாலையில் அட்டை 190, மை 70 என்று வந்தால் கதை வேறு. இரண்டும் 40 ஆல் கூடியிருக்கின்றன. ஒளி பெருகவில்லை, படத்தின் மேல் ஒரு வெள்ளைப் படலம் போர்த்தப்பட்டிருக்கிறது. அந்த 40 அட்டையிலிருந்தும் மையிலிருந்தும் பரவலாகத் திரும்பி வந்த ஒளி அல்ல. மையின் பளபளப்பான மேற்பரப்பிலிருந்தோ, பெட்டியை ஒட்டிய ரேப்பிலிருந்தோ (ஒட்டுநாடா) கண்ணாடிபோலத் தெறித்த ஒளியாக இருக்கலாம். பக்கவாட்டிலிருந்து லென்ஸுக்குள் புகுந்து உள்ளேயே சிதறிய ஒளியாகவும் இருக்கலாம். விகிதம் 5 இலிருந்து 2.7 ஆக விழுந்துவிட்டது. எக்ஸ்போஷரைக் குறைத்தால் அட்டையும் மையும் சேர்ந்து இருளும், விகிதம் அப்படியே 2.7 ஆகத்தான் இருக்கும். இந்த நிலையில் கமராவின் எந்த அமைப்பும் உங்களைக் காப்பாற்றாது. ஒளியைத் தடுப்பதுதான் மருந்து.

நடைமுறையில் இரண்டும் கலந்தே வரும். எது அதிகம் என்பதைத் தெரிந்துகொண்டால் அடுத்த வேலை தெளிவாகும். காமாவை 1 இல் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். காமா வேறு எண்ணில் இருந்தால் சாம்பல் மதிப்பு ஒளிக்கு நேர்விகிதமாக இருக்காது, பெருக்கமா கூட்டலா என்று பிரித்தறிய முடியாது. ஒளியே இல்லாதபோதும் கமரா தரும் மதிப்பான கறுப்பு மட்டத்தையும் கழித்துத்தான் விகிதத்தைக் கணக்கிட வேண்டும். லென்ஸை மூடிவிட்டு எடுத்த படத்தில் சராசரி 4 என்று வந்தால், எல்லா மதிப்புகளிலிருந்தும் 4 ஐக் கழியுங்கள்.

இனி, கொன்ட்ராஸ்டைக் கூட்டியதும் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த படம் மென்பொருளுக்கு ஏன் கெட்டது என்ற கேள்வி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். இந்த ஒன்று புரிந்தால் மற்ற எல்லா அமைப்புகளும் தானாகப் புரிந்துவிடும்.

பிரகாசக் கட்டுப்பாடு பொதுவாக ஒவ்வொரு பிக்சலுடனும் ஓர் எண்ணைக் கூட்டுகிறது. கொன்ட்ராஸ்ட் நடுவிலுள்ள 128 ஐச் சுற்றி எல்லாவற்றையும் ஓர் எண்ணால் பெருக்கி விரிக்கிறது. பெருக்கும் எண் 1.5 என்றால், 43 க்குக் கீழே இருந்த மதிப்புகள் எல்லாம் 0 ஆகிவிடும், 213 க்கு மேலே இருந்தவை எல்லாம் 255 ஆகிவிடும். நடுவில் இருந்த சுமார் 170 படிகள் 256 படிகளின் மேல் பரப்பப்படும். புதிய படிகள் பிறக்கவில்லை, இருந்தவற்றுக்கு இடையில் வெற்றிடங்கள்தான் வந்தன. எந்தச் சாம்பல் மதிப்பில் எத்தனை பிக்சல்கள் என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைத் திறந்து பாருங்கள், சீப்பின் பற்களைப்போல இடைவெளி விட்டுக் கோடுகள் நிற்கும். இரண்டு ஓரங்களிலும் உயர்ந்த கம்பங்கள் நின்றால், அங்கே தகவல் போய்விட்டது என்று பொருள். 220 ஆக இருந்த பிக்சலும் 250 ஆக இருந்த பிக்சலும் இப்போது ஒரே 255. பிறகு எந்த மென்பொருளாலும் அவற்றைப் பிரிக்க முடியாது.

நம் கண் இதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அது ஓரங்களைத் தேடுகிறது, மீதியை மூளை நிரப்பிக்கொள்கிறது. மென்பொருளின் வேலை வேறு மாதிரியானது. மை தெளித்து அச்சிடும் இயந்திரத்தின் எழுத்து சிறு புள்ளிகளால் ஆனது. இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள பிக்சல்கள் முழுக் கறுப்பாகவும் இருப்பதில்லை, முழு வெளுப்பாகவும் இருப்பதில்லை. அந்த நடுத்தர மதிப்புகளை வைத்துத்தான் புள்ளி எங்கே முடிகிறது, ஓரம் பிக்சலின் எந்தப் பங்கில் விழுகிறது என்று மென்பொருள் கணிக்கிறது. கொன்ட்ராஸ்டைக் கூட்டும்போது அந்தச் சாய்வு வெட்டுப்படுகிறது. சில இடங்களில் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு 3 என்பது 8 ஆகிறது, சில இடங்களில் எழுத்து உடைந்து துண்டுகளாகிறது. அதோடு அட்டையின் நார்களும் அலை வரிகளும் அதே ஒன்றரை மடங்குக்கு எழும்பி, மென்பொருளின் பார்வையில் மைப் புள்ளிகளாகத் தோன்றத் தொடங்குகின்றன.

இரைச்சலும், அதாவது காட்சி மாறாமலே பிக்சல் மதிப்பில் வரும் ஏற்ற இறக்கமும், அப்படியே. அட்டைக்கும் மைக்கும் உள்ள வேறுபாட்டை எவ்வளவு பெருக்குகிறீர்களோ, இரைச்சலும் அவ்வளவு பெருகுகிறது. இரண்டுக்கும் இடையிலான உறவு மாறுவதே இல்லை. எழுத்தைப் படிக்க முடியுமா என்பதைத் தீர்மானிப்பது அந்த உறவுதான்.

அந்த உறவு எங்கே பிறக்கிறது? சென்சரில் ஒளி விழும் கணத்தில். ஒவ்வொரு பிக்சலும் ஒளித்துகள்களை எலக்ட்ரான்களாகச் சேர்த்துக்கொள்ளும் ஒரு சிறு கொள்கலன். இன்று பரவலாக உள்ள 3.45 மைக்ரோமீற்றர் பிக்சல் சென்சர்களில் அதன் கொள்ளளவு சுமார் 10,000 எலக்ட்ரான்கள். ஒளி மழைத்துளிபோல ஒழுங்கின்றி வந்து விழுவதால், சேர்ந்த எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் இயல்பாகவே இருக்கும். 10,000 சேர்ந்தால் ஏற்ற இறக்கம் 100, அதாவது நூற்றில் ஒன்று. 100 மட்டுமே சேர்ந்தால் ஏற்ற இறக்கம் 10, அதாவது பத்தில் ஒன்று. இருளில் எடுத்த படம் மணல் தூவியதுபோல இருப்பது இதனால்தான். இது கமராவின் குறை அல்ல, ஒளியின் இயல்பு. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கமராவும் இதிலிருந்து தப்பாது.

ஆகவே கெயின் பற்றி ஒரு சொல். கெயினை 6 டெசிபெல் கூட்டினால் மதிப்பு 2 மடங்கு, 12 டெசிபெல் என்றால் 4 மடங்கு. ஆனால் 12 டெசிபெலில் கொள்கலனின் கால் பங்கு நிறைந்தவுடனேயே படம் 255 ஐத் தொட்டுவிடும். அதே சாம்பல் மதிப்பில் இரைச்சல் 2 மடங்காகத் தெரியும். படம் வெளிச்சமாகிவிட்டது என்று நாம் மகிழும்போது, சேர்ந்த ஒளி கூடவே இல்லை. கெயினைத் தொடுவதற்கு முன் விளக்கைக் கூட்ட முடியுமா, லென்ஸின் துளையைத் திறக்க முடியுமா என்று பாருங்கள். எஃப் 4 இலிருந்து 2.8 க்குத் திறந்தால் ஒளி இரட்டிப்பாகும். ஆனால் கூர்மையாகத் தெரியும் ஆழம் குறையும். ஒரே உயரப் பெட்டிகள் மட்டும் வருகின்றன என்றால் அது பெரிய இழப்பல்ல.

எக்ஸ்போஷர் நேரத்துக்குப் பட்டியின் வேகம்தான் எல்லை. பட்டி செக்கனுக்கு அரை மீற்றர் ஓடுகிறது, ஒரு பிக்சல் பெட்டியின் மேல் 0.2 மில்லிமீற்றரைப் பார்க்கிறது என்று கொள்வோம். எக்ஸ்போஷர் 2 மில்லிசெக்கன் என்றால் அதற்குள் பெட்டி 1 மில்லிமீற்றர் நகர்ந்துவிடும். எழுத்து 5 பிக்சல் அகலத்துக்கு இழுபடும். இப்படி இழுபட்ட எழுத்தும் சாம்பலாகத்தான் தெரியும். பலர் அதைக் கொன்ட்ராஸ்ட் குறைவு என்று எண்ணிக்கொள்கிறார்கள். 200 மைக்ரோசெக்கனுக்குக் குறைத்தால் நகர்வு அரைப் பிக்சல்தான். உங்கள் பட்டியின் வேகத்தை அளந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நின்ற பெட்டியில் நன்றாகவும் ஓடும் பெட்டியில் மங்கலாகவும் தெரிந்தால், சந்தேகமே வேண்டாம், இதுதான் காரணம்.

200 மைக்ரோசெக்கனில் படம் இருண்டுவிடுமே என்று கேட்பீர்கள். இருளும். அதுதான் உங்களுக்குச் சாதகமும். வெயில் இடைவிடாமல் அடித்துக்கொண்டே இருக்கிறது, எக்ஸ்போஷரைப் பத்திலொன்றாக்கினால் படத்துக்குள் வரும் வெயிலும் பத்திலொன்றாகும். உங்கள் விளக்கோ கமராவுடன் சேர்ந்து மின்னும் எல்.இ.டி. விளக்காக இருந்தால், அந்த 200 மைக்ரோசெக்கனுக்கு மட்டும் வழக்கத்தைவிட அதிக மின்னோட்டத்தைத் தாங்கி, பல மடங்கு வெளிச்சம் தரும். இதற்கென்றே வடிவமைத்த கட்டுப்பாட்டுக் கருவியும் விளக்கும் இருக்கின்றன. சாதாரண விளக்கை இப்படி ஓட்டினால் எரிந்துபோகும். வெயிலோடு போட்டியிட்டு வெல்வதற்கு இதுவே நேர்வழி. நேர் வெயில் சுமார் 100,000 லக்ஸ், கூடத்துக்குள் குழல்விளக்கு வெளிச்சம் சில நூறு லக்ஸ். இந்த இடைவெளியை ஒரு பிரகாசக் கட்டுப்பாட்டை அசைத்துச் சமாளிக்கலாம் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நம் ஊரின் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்து கமரா பொருத்திவிட்டுப் போகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. திருகோணமலை 8.5 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் மறுபடி ஓகஸ்ட் இறுதியை ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். கூரையில் ஒளி புகும் தகடு பதித்த கூடங்களில் அந்த நாட்களில் வெயில் செங்குத்தாகப் பட்டியின் மேல் விழும். கார்த்திகை, மார்கழி மாரியில் முகில் மூடிய வானத்தின் கீழ் அமைத்த எண்கள் சித்திரையில் தோற்பது இதனால்தான். மேற்குப் பார்த்த கதவு இருந்தால் 3 மணிக்கு மேல் வெயில் சாய்ந்து உள்ளே வரும். துறைமுகத்து நீரை ஒட்டிய கட்டடம் என்றால் நீரில் தெறித்த ஒளி கூரையின் உட்புறத்தில் அலைவதையும் பார்க்கலாம். இந்தத் தெறிப்பு ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே மாறிக்கொண்டே இருக்கும். நிலையான எந்த எண்ணும் அதற்குப் பொருந்தாது.

ஆகவே முதல் செலவு ஒரு கூடு. கமராவையும் விளக்கையும் பட்டியின் அந்தப் பகுதியையும் சேர்த்து மூடும் ஒரு தகரப் பெட்டி. பெட்டிகள் நுழையவும் வெளியேறவும் இரண்டு வாய்கள், அவற்றில் கறுப்பு ரப்பர் கீற்றுத் திரைகள். உட்புறம் பளபளப்பில்லாத கறுப்பு வர்ணம். உள்ளூர் வெல்டிங் கடையிலேயே செய்துவிடலாம். அதைப் பொருத்திய பிறகு மாலை 4 மணிக்கு உங்கள் விளக்கை அணைத்துவிட்டு, அதே அமைப்பில் ஒரு படம் எடுங்கள். படம் கும்மிருட்டாக இருக்க வேண்டும். அட்டை கறுப்பு மட்டத்துக்கு மேல் 10 படிகளுக்கு அதிகமாகத் தெரிந்தால் இன்னும் எங்கோ ஒளி கசிகிறது. கசிவைத் தேடி அடைக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

கூடு வைக்க இடமில்லை என்றால் சிவப்பு எல்.இ.டி. விளக்கும், அதன் அலைநீளத்தை மட்டும் விடும் வடிகட்டியும் உதவும். வெயில் எல்லா நிறங்களிலும் பரந்திருப்பதால், 630 நானோமீற்றரைச் சுற்றிய ஒரு குறுகிய பட்டையை மட்டும் விட்டால் அதன் பெரும்பகுதி தடுக்கப்படும், உங்கள் விளக்கின் ஒளியோ ஏறத்தாழ முழுவதும் உள்ளே வரும். சிவப்புக்கு இன்னொரு நன்மையும் உண்டு. பழுப்பு அட்டை சிவப்பொளியில் வெளுத்துத் தெரியும், அதன் மேல் சிவப்பில் அச்சான கோடோ முத்திரையோ இருந்தால் அது மறைந்துபோகும், கறுப்பு மட்டும் கறுப்பாக நிற்கும். இப்படிக் கிடைக்கும் கொன்ட்ராஸ்ட் பொருளிலிருந்தே வருவது, எந்தத் தகவலையும் வெட்டாதது. ஆனால் வாங்குவதற்கு முன் உங்கள் மையைச் சோதித்துக்கொள்ளுங்கள். சாயத்தால் ஆன சில கறுப்பு மைகள் ஆழ்ந்த சிவப்பிலும் அகச்சிவப்பிலும் ஒளி ஊடுருவுபவையாகி, எழுத்தே காணாமல் போய்விடும். கரித்தூள் கலந்த மை அப்படிச் செய்யாது. சிவப்பு விளக்கு ஒன்றை இரவல் வாங்கி உங்கள் பெட்டியின் மேல் அடித்து ஒரு படம் எடுத்தாலே தெரிந்துவிடும்.

ரேப்பின் பளபளப்புத்தான் தொல்லை என்றால் விளக்கின் கோணத்தை மாற்றுங்கள். லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து நேராக அடிக்கும் விளக்குத்தான் கண்ணாடிபோலத் தெறிக்கும். பக்கவாட்டில் தாழ்வாக வைத்தால் தெறிப்பு லென்ஸைத் தாண்டிப் போய்விடும். விளக்குக்கும் லென்ஸுக்கும் ஒன்றுக்கொன்று குறுக்கான துருவமாக்கி வடிகட்டிகள் போடுவது இன்னும் உறுதியான வழி, ஆனால் ஒளியில் பெரும்பங்கை அவை தின்றுவிடும்.

உப்புக் காற்றையும் மறக்கக் கூடாது. கடலை ஒட்டிய கூடத்தில் லென்ஸின் முகப்பில் உப்பும் ஈரமும் மெல்லப் படியும். கச்சான் வீசும் மாதங்களில் அதன் மேல் புழுதியும் ஒட்டும். நான் முன்பு சொன்ன அந்தக் கூட்டல் படலத்தை இது நேரடியாக உண்டாக்கும். மை 30 இலிருந்து வாரத்துக்கு வாரம் மெல்ல ஏறிக்கொண்டே போனால் முதலில் கண்ணாடியைப் பாருங்கள். லென்ஸுக்கு முன்னால் ஒரு தட்டையான பாதுகாப்புக் கண்ணாடி போட்டுவிடுங்கள், கீறல் விழுந்தால் அதை மட்டும் மாற்றலாம். துடைக்குமுன் காற்றால் ஊதித் துகள்களை அகற்ற வேண்டும். சாரத்தின் நுனியால் துடைப்பதைத் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்.

ஜெனரேட்டர் ஓடும்போது குறுக்குப் பட்டைகள் விழுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்து உங்கள் கமரா ரோலிங் ஷட்டர் வகை என்று ஊகிக்கிறேன். அது படத்தை ஒரே கணத்தில் எடுக்காமல் வரி வரியாக எடுக்கும். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஆகவே சாதாரணக் குழல்விளக்கு செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. எக்ஸ்போஷர் 10 மில்லிசெக்கனாகவோ அதன் மடங்காகவோ இருந்தால் ஒவ்வொரு வரியும் முழு அலையைச் சேர்த்துக்கொள்ளும், பட்டை தெரியாது. ஜெனரேட்டரின் அதிர்வெண் சுமைக்கேற்ப 50 ஐவிட்டு நகரும்போது இந்தக் கணக்குக் குலைகிறது, பட்டைகள் தோன்றுகின்றன. இது உண்மையானால் உங்கள் எக்ஸ்போஷர் இப்போது 10 மில்லிசெக்கனுக்கு அருகில் இருக்க வேண்டும். ஓடும் பட்டிக்கு அது மிக அதிகம். அந்த எண்ணைத் திறந்து பாருங்கள், பிற்பகலில் மட்டுமல்லாமல் காலையிலும் உங்கள் எழுத்து இழுபட்டுத்தான் இருக்கும். கூட்டுக்குள் குழல்விளக்கு இருந்தால் அதை அகற்றி, நேர்மின்னோட்டத்தில் எரியும் எல்.இ.டி. போட்டால் மின்சபை மின்சாரமா ஜெனரேட்டரா என்பது படத்துக்குத் தெரியவே தெரியாது.

ரோலிங் ஷட்டரோடு மின்னும் விளக்கைப் பயன்படுத்த ஒரு நிபந்தனை உண்டு. எல்லா வரிகளும் ஒன்றாகத் திறந்திருக்கும் கணத்தில் விளக்கு மின்ன வேண்டும். பல கமராக்களில் இதற்கெனத் தனி முறை இருக்கிறது. கூடு நன்றாக இருண்டிருந்தால், ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் விளக்கு மின்னும் நேரமே உண்மையான எக்ஸ்போஷராகிவிடும்.

இதெல்லாம் முடிந்த பிறகு எக்ஸ்போஷரையும் விளக்கின் பலத்தையும் அட்டை 180 இலிருந்து 200 க்குள் வரும்படி அமையுங்கள். பெட்டிக்குப் பெட்டி அட்டை நிறம் சற்று மாறும், மேலே அவ்வளவு இடம் விட்டுவைக்க வேண்டும். பிறகு கறுப்பு மட்டம். லென்ஸை மூடி ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். 0 இல் கம்பம் குவிந்திருந்தால், அந்தக் குவியல் முழு மலையாகத் தெரியும் வரை கறுப்பு மட்டத்தைச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். அதற்கு மேல் உயர்த்தினால் படலம்தான் கூடும். ஓர் எச்சரிக்கை: சில பழைய கமராக்களில் பிரகாசம் என்ற பெயரில் இருப்பதே இந்தக் கறுப்பு மட்டம்தான். வேறு சிலவற்றில் அது எக்ஸ்போஷரையும் கெயினையும் சேர்த்துத் தானாக ஓட்டும் இலக்கு. பெயரை நம்பாமல், அதை அசைத்து ஹிஸ்டோகிராம் நகர்கிறதா விரிகிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். நகர்ந்தால் கூட்டல், விரிந்தால் பெருக்கல், நடுப்பகுதி மட்டும் வளைந்தால் காமா.

காமாவைப் பொறுத்தவரை, அது மனிதக் கண்ணுக்கான அமைப்பு. காமா 0.45 இல் 46 ஆக இருந்த சாம்பல் 118 ஆக உயரும். இருண்ட பகுதிகள் திறந்துகொள்ளும், வெளிச்சப் பகுதிகள் நெருக்கப்படும். இயந்திரத்தின் அருகில் நிற்பவர் திரையில் பார்க்க அது நல்லது. எழுத்தைப் படிக்கும் மென்பொருளுக்கு நேரான படத்தைக் கொடுங்கள், திரைக்குப் போகும் பிரதியில் மட்டும் காமாவைப் போடுங்கள். இரண்டையும் பிரித்துவிட்டால், திரையில் அழகாக்க யாரோ எதையோ அசைத்து இரவுப் பணிமுறையில் எல்லாப் பெட்டிகளும் கழியும் தொல்லை நின்றுவிடும்.

அப்படியானால் கமராவுக்குள் இருக்கும் கொன்ட்ராஸ்ட் எதற்குத்தான்? அதற்கும் ஒரு நல்ல இடம் உண்டு. பல சென்சர்கள் உள்ளே 12 பிட்டில், அதாவது 4096 படிகளில் அளக்கின்றன. கணினிக்கு அனுப்பும்போது அதை 256 படிகளாகச் சுருக்குகின்றன. கறுப்புப் பிளாஸ்டிக்கின் மேல் கருஞ்சாம்பல் குறியீடு போன்ற வேலைகளில், நமக்கு வேண்டிய எல்லாமே அந்த 4096 இல் ஒரு சிறு பகுதிக்குள் அடங்கியிருக்கும். சுருக்குவதற்கு முன்பே, கமராவுக்குள், அந்தப் பகுதியை மட்டும் விரித்தால் 256 படிகளும் உண்மையான அளவீடுகளால் நிரம்பும். அதையே கணினியில் 8 பிட் படத்தின் மேல் செய்தால் வெற்றிடங்கள்தான் மிஞ்சும். ஆகவே விரிக்கத்தான் வேண்டும் என்றால் கமராவுக்குள் விரியுங்கள். 4096 உள்ளீடுகளுக்கும் வெளியீட்டை நாமே எழுதக்கூடிய அட்டவணை உள்ள கமராக்களும் இருக்கின்றன, இந்த வேலைக்கு அதைவிடச் சிறந்த கருவி இல்லை. பாஸ்லர் நிறுவனத்தின் பல கமராக்களில் கொன்ட்ராஸ்டுக்கு நேர்கோடு, எஸ் வடிவ வளைவு என்று இரண்டு முறைகள் இருக்கும். எஸ் வளைவு ஓரங்களை வெட்டாமல் நெருக்குகிறது. இரண்டில் ஒன்றைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் அதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பழுப்பு அட்டைக்கு இரண்டும் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

தானியங்கி எக்ஸ்போஷரை ஏன் நிறுத்தச் சொன்னேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பெட்டிகளுக்கு இடையே கமரா வெறும் கறுப்புப் பட்டியைப் பார்க்கிறது. இருட்டாக இருக்கிறதே என்று எக்ஸ்போஷரைக் கூட்டிக்கொண்டே போகும், அடுத்த பெட்டி வந்து நிற்கும்போது படம் வெளுத்துவிடும். பெட்டிகள் நெருக்கமாக வரும்போது சரியாகவும், இடைவெளி விட்டு வரும்போது தவறாகவும் படிப்பதற்கு இதுவே வழக்கமான காரணம். அதற்குப் பதிலாகப் படத்தின் ஒரு மூலையில், கூட்டுக்குள் நிலையாக, மங்கலான வெள்ளைத் தகடு ஒன்றைப் பொருத்துங்கள். ஒவ்வொரு பணிமுறையின் தொடக்கத்திலும் அதன் சாம்பல் மதிப்பைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். எல்.இ.டி. ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கும், கண்ணாடி அழுக்காகும். தகட்டின் எண் இறங்குவதைப் பார்த்து முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம். அரிசி ஆலைகளில் நிறம் பிரிக்கும் இயந்திரங்களிலும் வெள்ளைத் தகடு ஒன்றை வைத்துத்தான் கமராவை நேராக்குகிறார்கள். கந்தளாய்ப் பக்கம் யாராவது ஆலைக்காரர் தெரிந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள், இந்த விடயம் கண்முன்னே விளங்கும்.

எண்கள் முடிவானதும் அவற்றைக் கமராவின் நினைவகத்தில் பயனர் தொகுப்பாகச் சேமித்து, மின்சாரம் வந்தவுடன் அந்தத் தொகுப்பே ஏறும்படி அமையுங்கள். இல்லாவிட்டால் ஒரு மின்வெட்டில் கமரா தொழிற்சாலை இயல்புநிலைக்குத் திரும்பிவிடும்.

கடைசியாக, நிறக் கமரா. வேண்டாம். அதில் ஒவ்வொரு பிக்சலின் மேலும் ஒரு நிற வடிகட்டி இருக்கிறது. பாதி பிக்சல்கள் பச்சைக்கு, கால் பங்கு சிவப்புக்கு, கால் பங்கு நீலத்துக்கு. சிவப்பு விளக்கைப் போட்டால் நான்கில் ஒரு பிக்சல்தான் உங்களுக்கு வேலை செய்யும், மற்றவை இடையிட்டு நிரப்பப்படும். எழுத்தைப் படிக்கும் வேலைக்கு அது பின்னடைவு. பணம் ஒதுக்கப்பட்டிருந்தால், குளோபல் ஷட்டர் (எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் எடுப்பது) உள்ள கறுப்பு-வெள்ளைக் கமரா ஒன்றுக்கு அதைச் செலவிடலாம், ஓடும் பட்டிக்கு அது உண்மையான முன்னேற்றம். அதற்கு முன்னால் கூட்டைச் செய்து, காலை, மாலை எண்கள் நான்கையும் எழுதி அனுப்புங்கள். அட்டை, மை, மீண்டும் அட்டை, மை. அவற்றைப் பார்த்தால் கமராவை மாற்ற வேண்டிய தேவை உண்டா இல்லையா என்று சொல்லிவிடலாம்.